உக்காதவை

பிரதேச சபைப் பெடியன் நிறோஜன்
கறுப்புத் தொட்டியைக் கிணத்தடிக்குப் பின்னால் இறக்கிவிட்டு
கையெழுத்து வாங்கேக்க சொன்னான்:
பொலித்தீன் கூடாது.
மீன், இறைச்சி, எலும்பு கூடாது.
பொரிச்ச எண்ணெய் கூடாது.
“மற்றதெல்லாத்தையும் மண் பார்த்துக்கொள்ளும் அக்கா” எண்டான்,
ஒரு கால் ஏற்கெனவே லாண்ட்மாஸ்டரில்.

மூடியில் மாக்கரால் எழுதினேன்.
எழுத்து சரிஞ்சு சரிஞ்சு
கைபிடிக்குக் கிட்டப் போய் நெருக்குப்பட்டது.

மண் எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளேல்லை.

முதல் வெள்ளிக்கிழமையே
ஜெசிந்தா மதிலுக்கு மேலால் எட்டி
ஒரு சட்டி நண்டுக் கோது கொட்டினாள்.
“கடல்ச் சாமான்தானே, உக்கும்.”
கோண்டாவிலில் உள்ள நாய் முழுக்க
அண்டிரவு எங்கட வளவில்.
விடிய, தொட்டி வேலியோரம் உருண்டு கிடக்க
ஒரு நண்டுக் கால்
என்ர செருப்புக்குள்.

பிறகு பனங்கொட்டை.
சூப்பிப்போட்டு ஆரோ எறிஞ்சது
அடியில் கிடந்து, இருட்டில் முளைவிட்டு,
தொட்டியின் ஓட்டைக்குள்ளால் நிலத்துக்குள் இறங்கியிட்டுது.
இழுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.
ஜெசிந்தா சிரிச்சுச் சிரிச்சே பிடியை விட்டாள்.

பாத்தீனியம் என்ர பிழை.
பூக்க முதல் பிடுங்கிப் போட்டிருந்தால் பரவாயில்லை,
நான் பூத்ததைப் போட்டேன்.
மாரி முடிய, கத்தரிப் பாத்தியில்
கத்தரியைத் தேட வேண்டியிருந்தது.
அதையும் மூடியில் எழுதினேன்,
சின்ன எழுத்தில்.

ஆனி மாதம், மணல் அரிக்கிற தட்டில்
முதல் பசளையை அரிச்சேன்.
கறுப்பு. கோப்பித்தூள் மாதிரி உதிரி.
மழை விழுந்த தரையின்ர மணம்.
மீன் செதிலும், முருங்கைக்காய்ச் சக்கையும்,
பழசாப்போன சோறும், நாங்கள் சண்டை பிடிச்ச நாள்
ஆரும் தொடாத புட்டும்
எது எதெண்டு தெரியாமல் ஒண்டாய்ப் போயிருந்தது.

தட்டில் மிஞ்சினது:
மாங்கொட்டை மூண்டு.
தேயிலைப் பையின் குட்டிக் கம்பி.
சிரட்டைத் துண்டு.
ஒரு முடிச்சு.

பாண் சுத்தி வாற பொலித்தீனின் மூலை,
இறுக்கிக் கட்டினது.
ஈரம் போகேல்லை உள்ளுக்கு.
அவிழ்த்தால் குளிசை.
வெள்ளை, வட்டம், நடுவில் கோடு.
செவ்வாய்க்கிழமைகளில்
நாலரை மணிக்குப் பெரியாஸ்பத்திரி வாசலில்
நம்பருக்கு நிண்டு நான் வாங்கின பிறசர்க் குளிசை.

எண்ணினேன். நாப்பத்தொண்டு.
திரும்ப எண்ணினேன்.

தவபாலன் வேலையால் வர
தேத்தண்ணிச் சோசரில் வைச்சுக் குடுத்தேன்.
டிஷ் அன்ரெனா பூட்டுற ஆள்,
கூரை ஓட்டுத் தூள் இன்னும் முழங்கையில்.
பார்த்தார். தேத்தண்ணியைக் குடிச்சார்.
சோசரைக் கையிலேயே வைச்சிருந்தார்.

“போட்டால் தலை சுத்துது.
ஏணியில நிக்கேலாது.
உனக்குச் சொன்னால்
ஏணியை விக்கச் சொல்லுவாய்.”

சொல்லியிருப்பேன்தான்.

“அதுக்கு? பொலித்தீனில கட்டியோ போடுறது?”
எண்டுதான் வாயில் வந்தது.
வேறெதுவும் வரேல்லை.
அவருக்கும் அது பெரிய பிழையாய்ப் பட்டிருக்க வேண்டும்,
“பொலித்தீன் பிழைதான்” எண்டார்
தலையைக் குனிஞ்சு.

வாற செவ்வாய் ரெண்டு பேருமாய்ப் போறம்.
டொக்டரிட்ட ஏணியைப் பற்றி
அவர்தான் கதைக்க வேண்டும்.
நாப்பத்தொண்டையும் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு
கொண்டுபோகிற பையில் வைச்சிட்டன்,
மண்ணுக்குக் குடுக்க ஏலாது.

மாக்கர் எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன்.
மூடியில் இடமில்லை.
பக்கவாட்டில் குந்தியிருந்து
“குளிசை” எண்டு எழுதேக்க
மதிலுக்கு மேலால் ஜெசிந்தாவின் தலை:
“முட்டைக் கோது போடலாமோ?”

போடலாம்.
நொறுக்கிப் போடு.